பெரிய கோயில் நிழலும் சித்தப்பாவோட ஃபார்வர்டும்

எங்க ஃபேமிலி குரூப்ல சித்தப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போடுற மெசேஜ் ஒண்ணு இருக்கு, உங்களுக்கும் வந்திருக்கும். தஞ்சாவூர் பெரிய கோயில் லிங்கம் 12 அடி, உயிரெழுத்து 12. பீடம் 18 அடி, மெய்யெழுத்து 18. விமானம் 216 அடி, உயிர்மெய் 216. லிங்கத்துக்கும் நந்திக்கும் நடுவுல 247 அடி, மொத்த எழுத்தும் 247. கடைசில "விமானத்தோட நிழல் தரையில விழாது, தமிழன்டா"ன்னு முடியும்.

நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தவன்தான். ஒருநாள் திடீர்னு உறுத்துச்சு, அது என்ன அடி? நாம இப்ப சொல்ற 12 இஞ்ச் அடி வெள்ளைக்காரன் கொண்டாந்தது, 1010ல கோயிலக் கட்டி முடிச்ச ராஜராஜனுக்கு அது எப்படி தெரியும்? சரின்னு தென்னிந்தியக் கல்வெட்டுகள் ரெண்டாவது தொகுதிய எடுத்துப் பாத்தா, கோயிலுக்குக் குடுத்த செப்புத்திருமேனி ஒவ்வொண்ணுக்கும் உயரம் போட்டிருக்கு, எல்லாம் முழம், விரல் கணக்குல, அதுவும் இந்தக் கோயில்லயே வெச்சிருந்த முழக்கோலால அளந்ததுன்னு சொல்லியே வெட்டியிருக்காங்க. முழத்துல அளந்தவன் அடிக்கணக்குல ரகசிய கோட் வெச்சானாம்! நந்தி இன்னும் மோசம், இப்ப நாம பாக்குறது நாயக்கர் காலத்து நந்தி, அது ராஜராஜனுக்குப் பல நூறு வருஷம் கழிச்சு வந்தது, அப்ப அந்த 247 யாரு கணக்கு?

(இதவிட பெரிய கதையே ஒண்ணு ஓடியிருக்கு. இந்தக் கோயிலக் கட்டுனது கரிகாலன்னுதான் தலபுராணம் சொல்லிச்சு. 1886ல ஹுல்ஷ்ங்கிற ஜெர்மன் கல்வெட்டு ஆய்வாளர் இங்க இருக்கிற கல்வெட்ட வாசிச்சப்பறம்தான் ராஜராஜன்னு உறுதியாச்சு. "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி", அதாவது நான் கட்டுன கல்கோயில்னு மனுஷன் செவுத்துலயே சொல்லி வெச்சிருக்காரு, வாசிக்கத்தான் ஆளில்ல.)

நிழல் மேட்டருக்கு மே லீவுல அக்கா பையனக் கூட்டிட்டு நேராவே போயிட்டேன். காலைல ஒம்போது மணி, கருவூர்த்தேவர் சன்னதி இருக்கிற பின்பக்கம். தரையில அவ்ளோ பெரிய நிழல், கோயிலச் சுத்தி இருக்கிற திருச்சுற்று மாளிகை வரைக்கும் நீண்டு கெடக்கு. பையன் நிழலோட ஓரத்துல நின்னு ஒரு கால உள்ளயும் ஒரு கால வெளியவும் வெச்சுகிட்டு "மாமா இது ஜில்லுங்குது, இது சுடுது"ன்னு மாத்தி மாத்தி வெச்சு வெளயாடுறான். ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டேன்.

ரெண்டே நிமிஷத்துல சித்தப்பா: "காலைல எல்லாத்துக்கும்தான்டா நிழல் விழும். உச்சிவேளையில பாத்தியா?"

விடக்கூடாதுன்னு பன்னெண்டு மணி வரைக்கும் இருந்தோம். கல்லுல கால் வெக்க முடியல, விரிச்சிருந்த பாய் மேலயே நின்னு தேடுனா, அடிச்சுவர ஒட்டி தென்பக்கம் ஒரு துண்டு நிழல் இருக்கு, ஆனா உச்சியோட நிழலக் காணோம். பாயில நின்னே செல்ஃபோன்ல கணக்குப் போட்டேன். விமானத்தோட அடிப்பக்கம் கிட்டத்தட்ட நூறு அடி அகலம், மேல போகப் போக குறுகுது. தஞ்சாவூர்ல மார்ச் பாதியிலருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் உச்சிவெயில் அனேகமா நேர் தலைக்கு மேல, ஒரு பதிமூணு டிகிரிக்கு மேல சாயாது. அதனால கலசத்தோட நிழல், நடுவுலருந்து ஓரம் வரைக்கும் இருக்கிற அம்பது அடியத் தாண்டி வெளிய வராம விமானத்து மேலயே விழுந்துடுது.

அதாவது பாதி வருஷம், அந்த ஒரு நேரத்துல மட்டும், உச்சி நிழலப் பொறுத்தவரைக்கும், சித்தப்பா சொல்றது சரி. இத இன்னும் அவர்கிட்ட சொல்லல.