லாஸ் மெதுலாஸ்: மலையைக் கரைத்துத் தங்கம் எடுத்த இடம், கொஞ்சம் எரிச்சலோடு

லாஸ் மெதுலாஸுக்குப் பேருந்திலேயே போய்விடலாம் என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஸ்பெயினின் வடமேற்கில், லெயோன் மாகாணத்தின் பியெர்சோ பகுதியில் இருக்கிறது இந்த ரோமானியத் தங்கச் சுரங்கம். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்துப் பெரிய ஊர் பொன்ஃபெர்ராதா. மத்ரித்திலிருந்து அங்கே ரயில் உண்டு. சந்தியாகோ யாத்திரைப் பாதை ஊர் வழியாகவே போவதால் மலிவான படுக்கைக்கும் பஞ்சமில்லை. தலைவலி எல்லாம் கடைசி 25 கிலோமீட்டரில்தான். பேருந்து கருசெதோ என்ற ஊரில் சாலையோரம் இறக்கிவிடும். அங்கிருந்து ஏற்றத்தில் நடை. திரும்பி வர வண்டி எப்போது என்று கேட்டால் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கும் தெரியவில்லை.

டாக்சி பிடித்தால் பாக்கெட் காலி. போகும்போது ஓட்டுநர் ஒரு தொகை பேசினார். திரும்பும்போது காத்திருந்த நேரத்துக்கு ஒன்று, மேலே காட்சிமுனை வரை ஏறியதற்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனார். மீட்டர் போட்டாரா என்றால் அதுவும் இல்லை. ரெண்டு மூணு பேராகச் சேர்ந்தால் பொன்ஃபெர்ராதாவில் ஒரு நாளுக்கு வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். என்-536 நல்ல சாலை, வழி தவறவும் வழியில்லை. தனியாளாகப் போனால் காத்திருப்புக் கட்டணத்தையும் சேர்த்துப் பேசி, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

நடைபாதை, நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் வரிசையாக வரும். அதற்குமுன் அங்கே எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப்பேர் தவறான இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எல்லோரும் ஒரெயான் காட்சிமுனைக்கு ஓடுகிறார்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மூச்சிரைக்கும் ஏற்றம்தான், ஆனால் குட்டை. மேலே நின்றால் செஸ்நட் மரப் பச்சைக்கு நடுவே செக்கச்செவேலென்று மண்முகடுகள். மாலை வெயிலில் அழகு கொள்ளை போகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த முகடுகள் ரோமானியர்கள் தோண்டாமல் விட்ட மிச்சம். அவர்கள் செய்த வேலை என்பது முகடுகளுக்கு இடையே தெரியும் வெற்றிடம். அங்கிருந்து கரைத்து அனுப்பிய மண் 9 கோடி கன மீட்டருக்கும் மேல் என்று தொல்லியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு? இது பாறையில் ஓடும் தங்க ரேகை இல்லை. பழைய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து குவித்த கூழாங்கல்லும் செம்மண்ணும் கலந்த வண்டல். தங்கம் அதில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கிடக்கிறது. இங்கிருந்து மொத்தமாக எடுத்தது சுமார் 5 டன் என்கிறது இன்றைய மதிப்பீடு. வகுத்துப் பாருங்கள், கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். ஒரு குன்றிமணி எடைகூடத் தேறாது. ஒரு பவுன் சேர 150 கன மீட்டர் மண், அதாவது 300 டன்னை ஒட்டிக் கரைக்க வேண்டும். கூடையில் அள்ளி மரவையில் அலசினால் கூலிக்குக்கூடக் கட்டாது. தண்ணீரை வேலைக்காரனாக்கினால் மட்டுமே கட்டுப்படியாகும்.

கி.பி. 73 வாக்கில் இந்தப் பக்கம் நிதி அதிகாரியாக இருந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இந்த வேலையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் மலைக்குள் நீளமாகச் சுரங்கம் குடைவார்கள். வேலை நேரத்தை அளப்பதும் அந்த விளக்கு எண்ணெயை வைத்துத்தான். மாதக்கணக்கில் பகலையே பார்க்காதவர்கள் உண்டு. கடினமான பாறை குறுக்கிட்டால் நெருப்பு வைத்துக் காடி (வினிகர்) ஊற்றுவார்கள். அது புகையால் மூச்சை அடைக்கும் என்பதால் பெரும்பாலும் 150 ரோமானிய ராத்தல் இரும்பு பூட்டிய இடிமரத்தால் உடைப்பார்கள். வெட்டிய மண் இருட்டில் ஆளுக்கு ஆள் தோள் மாறி வெளியே போகும். கூரையைத் தாங்க அங்கங்கே தூண் விட்டிருப்பார்கள். கடைசியில் உள் கோடியிலிருந்து தொடங்கி அந்தத் தூண்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். மேலே உச்சியில் ஒரு காவலாள். மண் விரிசல் விடுவது அவனுக்குத்தான் முதலில் தெரியும். சத்தம் போட்டு எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அவனும் ஓடுவான். மலை சரியும். திடீரென்று முன்கூட்டியே சரிந்து உள்ளே இருந்தவர்களை மூடியதும் நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சண்டை. சுரங்கத்துக்குள் தண்ணீரைத் திறந்துவிட, உள்ளே மாட்டிய காற்று அழுந்தி மலையை வெடிக்கவைத்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் கைகளை விரித்து நடித்தே காட்டுகிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது. பிளினி எழுதியதில் அது இல்லை. தூணை வெட்டி வீழ்த்துவது முதலில், தண்ணீர் அதற்குப் பிறகு. இன்றும் சில ஆய்வாளர்கள் தண்ணீர் அழுத்தத்தின் பங்கை விடாமல் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் அதைப் பிளினி வாயில் திணிப்பது நியாயமில்லை. இன்னொன்றும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: மலையை வீழ்த்தும் வேலை வண்டல் தடிமனாக இருந்த பகுதிகளில் மட்டும். மற்ற இடங்களில் மேலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விட்டு அரித்திருக்கிறார்கள்.

பிளினி சொல்லும் நீர்த்தொட்டி பக்கத்துக்கு 200 ரோமானிய அடி, ஆழம் 10 அடி. கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒரு கோடி லிட்டர். அதில் சுமார் மூன்றடிச் சதுரத்தில் ஐந்து மதகு. தொட்டி நிரம்பியதும் அடைப்பைத் தட்டிவிட்டால் பாறையையே புரட்டும் வெள்ளம் கிளம்பும். சரிந்த மண் குழம்பாகிக் கீழே மரப்பலகை அடித்த கால்வாய்களுக்குப் போகும். அவை படிப்படியாக இறங்கும். தரையில் உலெக்ஸ் என்ற, ரோஸ்மேரி மாதிரி முரட்டுச் செடியைப் பரப்பியிருப்பார்கள். கனமான தங்கப் பொடி அதில் மாட்டிக்கொள்ளும், சேறு போய்விடும். அப்புறம் செடியைக் காயவைத்து எரித்து, சாம்பலைப் புல்தரை மேல் அலசுவார்கள். தங்கம் புல்லில் தங்கும். வெள்ளத்தோடு போகாத பெரிய கற்களைக் கையால் பொறுக்கி அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கற்குவியல்கள் இன்றும் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன, அவற்றைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. வெளியேறிய கழிவு மண் பள்ளத்தாக்கை அடைத்ததில் உருவானதுதான் கருசெதோ ஏரி. பேருந்து இறக்கிவிடும் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது மட்டும் இலவசம்.

தண்ணீர் எங்கிருந்து? லா கப்ரேரா மலைகளிலிருந்து. 100 கிலோமீட்டரைத் தாண்டும் கால்வாய்களும் உண்டு, சில இடங்களில் பாறையைச் செங்குத்தாகச் செதுக்கி ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். மட்டம் பார்ப்பவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அளந்தார்கள் என்று எழுதுகிறார் பிளினி. சரிவு குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும், அதனால் தண்ணீர் மெதுவாக ஓடாமல் சீறிப் பாயும்படி சரிவு வேண்டும் என்பது அவர் கணக்கு. களிமண் கலந்த தண்ணீரையும் ஒதுக்குவார்கள். என் கருத்தில் இந்தக் கால்வாய்களைப் பார்க்காமல் திரும்பினால் பயணக்காசு பாதி வீண். ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாளும் காரும் வேண்டும்.

அறிவிப்புப் பலகை, இணையம், வழிகாட்டி என்று எங்கே திரும்பினாலும் ஒரு எண்: 16 லட்சத்து 35 ஆயிரம் கிலோ தங்கம். இது எப்படி வந்தது தெரியுமா? அஸ்தூரியா, கலேக்கியா, லுசித்தானியா என்ற ரோமானியப் பகுதிகள் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ராத்தல் தருவதாகச் சிலர் சொன்னதைப் பிளினி குறித்து வைத்தார். ராத்தலுக்கு 327 கிராம் வைத்தால் 6,540 கிலோ. அதை 250 ஆண்டால் பெருக்கி, மூன்று பகுதிகளின் மொத்தத்தையும் இந்த ஒரே சுரங்கத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். 5 டன்னுக்கும் 1,635 டன்னுக்கும் எங்கே இருக்கிறது தூரம்!

அடிமைகளைச் சாட்டையால் அடித்து வேலை வாங்கினார்கள் என்ற கதையும் அப்படித்தான். சுற்றியுள்ள குடியிருப்புகளைத் தோண்டிப் பார்த்ததில், உள்ளூர் அஸ்தூர் சமூகங்கள் ரோமுக்குக் கட்ட வேண்டிய வரியை உழைப்பாகக் கட்டின என்ற முடிவுக்குத்தான் ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். அது சுகமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. ரோமின் முதல் பேரரசர் அகுஸ்துஸ் காலத்தில் தொடங்கிய வேலை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. ரோமத் தங்கம் நம் பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் கிடைத்த புதையலில் மட்டும் 500 சொச்சம் பொற்காசுகள், பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் மேலேயே வெட்டு. எந்தச் சுரங்கத்துத் தங்கம் என்று காசைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சரி, நடை. கீழே லாஸ் மெதுலாஸ் கிராமத்திலிருந்து தொடங்கும் வாலின்யாஸ் பாதை சுமார் 3 கிலோமீட்டர் சுற்று. லா குவேவோனா, லா என்காந்தாதா என்ற இரண்டு பெரிய குகைவாய்களும் அதில்தான். மழை பெய்த மறுநாள் போனால் செம்மண் செருப்பை உருவிக்கொள்ளும், பிடிப்புள்ள ஷூ கட்டாயம். ஒரெயான் சுரங்க வழிக்குச் சில யூரோ நுழைவுச்சீட்டு, தலைக்கவசம் கையில் தருவார்கள். 100 மீட்டர்தான், ஆனால் விட்டுவிடாதீர்கள். சுவரை ஒரு கை தூரத்தில் நின்று பாருங்கள்: ஈரச் செம்மண்ணில் முட்டை முட்டையாகக் கூழாங்கல், இடையே உளி இறங்கிய சாய்வுத் தடங்கள். வழி முடியும் இடத்தில் அப்படியே மலைச்சுவரில் வாய் திறக்கிறது. நெட்டையானவர்கள் குனிந்தே போக வேண்டும். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கேட்டுவிட்டு ஏறுங்கள்.

2025 ஆகஸ்டில் பெரிய காட்டுத்தீ இந்தப் பகுதியைத் தாக்கியது. பழைய செஸ்நட் மரங்கள் பல போய்விட்டன. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே விசாரிக்க வேண்டும். அழகான பழைய படங்களை நம்பிப் போய் ஏமாற வேண்டாம்.

சாப்பாட்டில் மட்டும் குறையே இல்லை. மதியச் சாப்பாடு என்று பலகை வைத்த கடையில் சுமார் 15 யூரோவுக்கு இரண்டு பதார்த்தம், ரொட்டி, இனிப்பு, ஒரு கோப்பை மென்சியா திராட்சை ஒயின். இரண்டு மணிக்கு முன் போனால் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள், நாலுக்குப் பிறகு மூடிவிடுவார்கள். ஊர்ப் பெருமை போதியோ: எலும்போடு பன்றிக்கறித் துண்டுகளை மிளகாய்த்தூள், பூண்டு போட்டு ஊறவைத்து, குடலில் அடைத்து, புகையில் காயவைத்து, பிறகு கோசும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைப்பது. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம், ஆளுக்கொன்று சொல்லாதீர்கள். சைவம் என்றால் சுட்டு உரித்த பியெர்சோ குடைமிளகாய், எண்ணெய் மினுங்க வரும், ரொட்டியில் வைத்துத் தின்றால் அருமை. சூப்பை மட்டும் நம்பாதீர்கள். காய்கறி சூப் என்பார்கள், பன்றிக்கொழுப்பு இருக்கும்.