கலர் கோடு மட்டும் போதாது

காரில் ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? கலர் கோடுதான் (கம்பெனி அந்த நிறத்துக்குக் கொடுத்த குறியீடு) இருக்கே, அப்படியே அச்சு அசலாக வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் அந்தக் கோடு வெறும் ஆரம்பம். ஒரே கோடிலேயே நீலம் தூக்கலாக, மஞ்சள் தூக்கலாக என்று வேரியன்ட்கள் உண்டு, அதற்கு மேல் வண்டி வெயிலில் நின்று வெளுத்த வெளுப்பு வேறு.

பெரிய தலைவலி மெட்டாலிக்தான், அதிலும் சில்வர்! உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து நிறமே மாறும். ஈரமாக அடித்தால் துகள் அமிழ்ந்து கருத்துத் தெரியும். அதே டப்பா பெயின்ட்டை, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் வெளிறிவிடும்.

அதனால் முதலில் ஒரு அட்டையில் அடித்து, கிளியர் கோட்டும் (நிறத்துக்கு மேல் வரும் நிறமற்ற பூச்சு) போட்டு, காய்ந்த பிறகு வண்டியோடு வைத்து நேராகவும் சாய்வாகவும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் கச்சிதமாகப் பொருந்துவது வெளியே வந்ததும் பல்லிளிக்கும். ஒப்பிடும் இடத்துக்கு முன்கூட்டியே பாலிஷ் போட்டுவிடுவது நல்லது, அழுக்கோடு கலர் பொருத்தி என்ன பயன்?

என்னதான் கலந்தாலும் புதுசும் பழசும் விளிம்போடு விளிம்பு நின்றால் கண் கண்டுபிடித்துவிடும். நல்ல பெயின்டர் பக்கத்துப் பேனலிலும், அதாவது ஒட்டியிருக்கும் பாகத்திலும், பேஸ் கோட் எனும் நிறப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டு, அந்தப் பேனல் முழுக்கக் கிளியர் அடிப்பார். செலவு கூடும்தான். அதற்காக "அதை எதுக்குத் தொடறீங்க" என்று அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.