சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் யார் பெயர்?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று தனியார் பள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் வடசென்னையில், ஓர் ஆசிரியை பள்ளி மாறுவதற்கு வீடு மாற வேண்டியதில்லை. பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினால் போதும். நான் அறிந்தவரை சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆகவே, ஏப்ரல் வந்ததும் ஆசிரியர்கள் கிளம்பிவிடுவதற்குச் சம்பளம் ஒன்றையே காரணமாகச் சொல்லும் நிர்வாகங்களின் கணக்கை நான் நம்புவதில்லை.

நான் முதலில் பணியாற்றிய பள்ளியின் பிரின்சிபால் மிகவும் கண்டிப்பானவர். எட்டே முக்கால் தாண்டினால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு விழுந்துவிடும். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால், “கேட்டு டெய்லியும்தான் மூடுறாங்க, மிஸ்” என்பார். ஆனால் யாராவது விடுப்பு எடுத்தால், அந்த வகுப்புகளில் ஒன்றுக்குச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவரே போவார். பெற்றோர் யாரேனும் ஆசிரியரிடம் குரலை உயர்த்தினால், முதலில் தம் அறைக்கு அழைத்துத் தாமே பேசி அனுப்புவார். அவரைத் திட்டாத ஆசிரியர் அங்கே இல்லை. ஆனாலும் விட்டுப் போனவர்கள் மிகக் குறைவு.

அடுத்த பள்ளியில் இருந்தவரோ யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர். அங்கே முதல் பீரியடிலேயே ஆயாம்மா நீளமான சப்ஸ்டிட்யூஷன் நோட்டுடன் வாசலில் வந்து நிற்பார். அன்றைக்கு வராதவர்களின் வகுப்புகள் யார் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கும். நேரே கையெழுத்துப் போட வேண்டும். புரட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே நாலைந்து பெயர்கள். மறுத்துப் பேசக்கூடியவர்களின் ஓய்வு பீரியடைத் தொட அவருக்குத் தயக்கம். “நீங்கதான் புரிஞ்சுக்குவீங்க” என்று வாங்கிக்கொள்பவர்களிடமே மறுபடியும் கொடுப்பார். ஓய்வு பீரியட் என்ற பெயரே தப்பு என்பது வேறு விஷயம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரப் பணி என்று வகுத்தபோது, பாடத்துக்கான தயாரிப்பையும் அதற்குள்ளேயேதான் சேர்த்தது. அந்த நேரம் பறிபோனால் திருத்த வேண்டிய நோட்டுகள் கட்டைப்பையில் வீட்டுக்குத்தான் வரும். ஆண்டு முடிவில் ராஜினாமா கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த நாலைந்து பேர்தான். மறுத்துப் பேசியவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

1939-இல் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் அமெரிக்கச் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்த ஆய்வு, பி.எட். படித்த பலரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒன்று: அதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, தலையிடாத் தலைமை. அதிகாரம் செய்பவர் வெளியே போனதும் அவருடைய குழுவில் வேலை தொய்ந்தது, ஜனநாயகக் குழுவில் தொடர்ந்து நடந்தது என்பதைத்தான் வகுப்பில் அழுத்திச் சொல்வார்கள். தலையிடாத் தலைமையின் கீழ் வேலையின் அளவும் தரமும் குறைந்ததை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். என் அனுபவத்தில் ஆசிரியர்களை அதிகம் இழப்பது அந்த மூன்றாவது வகைதான், அதுவும் நல்லவர் என்ற பெயருடனேயே.

மே மாதத்தில் ‘ஆசிரியர்கள் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கும் தாளாளர்கள், அதற்கு முன் அந்த ஆண்டின் சப்ஸ்டிட்யூஷன் நோட்டை வரவழைத்து, விலகியவர்களின் பெயர்கள் அதில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான்.