பார்க்கின்சனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை: எங்கள் அனுபவம்

அத்தைக்கு (மாமியார்) பார்க்கின்சன்: கை நடுங்கி, உடல் விறைத்து, நடை தடுமாறும் நரம்பு நோய். அவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை ஒருவழியாக வந்துவிட்டது. அதற்காக அவர் பட்ட பாடுதான் இன்னும் மனதில் ஆறவில்லை.

ஆன்லைன் விண்ணப்பம், ஆதார், போட்டோ எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. சிக்கல் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் ஆரம்பித்தது. "வயசானா கை நடுங்கத்தாம்மா செய்யும், அதுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாது" என்று ஃபைலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார் அங்கிருந்தவர். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தது ஏழே வகை, அதில் பார்க்கின்சன் இல்லைதான். ஆனால் 2016 சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகளில் பார்க்கின்சனைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்த அட்டவணையை அச்செடுத்து, உரிய வரியில் கோடு போட்டுக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் டோக்கன் கிடைத்தது. நீங்களும் கையோடு எடுத்துப் போங்கள். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

பெரிய வேதனை, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று முடிவுசெய்யும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டில்தான். காலையில் வழக்கம்போல் சின்டோபா (லெவோடோபா கலந்த பார்க்கின்சன் மாத்திரை) கொடுத்திருந்தோம். மருந்து பிடித்திருக்கும் நேரத்தில் அத்தை துணையில்லாமல் நடப்பார். சரியாக அந்த நேரத்தில் கூப்பிட்டார்கள். நாலு அடி நடக்கச் சொன்னார்கள், நடந்தார். "நல்லாத்தானே இருக்காங்க" என்று 40 சதவீதத்துக்குக் கீழே எழுதிவிட்டார்கள். 40 இல்லையென்றால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது.

வெளியே கையெழுத்துக்குக் காத்திருந்தபோது மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. வாசற்படியில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அப்படி இழுக்கவே கூடாது, விழுந்துவிடுவார்கள். என் காலைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க அத்தை" என்றேன். தாண்டினார், அப்புறம் நடை வந்துவிட்டது. இதைத்தான் போர்டில் யாரும் பார்க்கவில்லை.

மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எழுதிக் கொடுத்தோம். நோய் எந்த நிலையில் இருக்கிறது, தினமும் எத்தனை வேளை மருந்து, மருந்து இறங்கினால் எதெல்லாம் முடியாது என்று நரம்பியல் டாக்டரிடம் விவரமாகக் கடிதம் வாங்கினோம். கட்டிலில் புரள முடியாதது, ரவிக்கை ஊக்கு மாட்டத் தவிப்பது, கதவருகே நின்றுபோவது எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்தேன். அத்தைக்குக் கூச்சம். "ஊரே பார்க்கணுமாம்மா?" என்றார். டாக்டர்கள் மட்டும்தான் என்ற பிறகே சம்மதித்தார்.

மாத்திரை கொடுக்காமல் கூட்டிப் போகச் சொல்லி யோசனை சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த வேளை மாத்திரையும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுத்துவிடுங்கள்; பால், பருப்போடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது.

மறுபடி போனபோது இருந்த டாக்டரம்மா வீடியோவை முழுசாகப் பார்த்தார். "ராத்திரி யார் புரட்டி விடுறீங்க?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. 50 சதவீதம் போட்டார்.

இப்போது மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கேயும் டாக்டர் கடிதம் கேட்டார்கள். நகல்கள் நிறைய எடுத்து வையுங்கள், ஒரிஜினலை எந்த மேஜையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.