ராஜாவின் செருப்பு

மதியம் போனில் நார்மர் பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எகிப்து, சுமார் 5,100 வருஷத்துக்கு முந்தைய கல். இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் உயரம்.

அதில் செதுக்கியிருப்பது: எதிரியின் முடியைப் பிடித்து கதாயுதத்தை ஓங்கி நிற்கிறார் ராஜா நார்மர். எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

பின்னால் ஒரு சின்ன ஆள். ராஜாவில் பாதிகூட இல்லை. ஒரு கையில் தண்ணீர்க் கெண்டி, இன்னொன்றில் ராஜாவின் செருப்பு.

ஆமாம், ராஜா வெறுங்கால்!

மறுபக்கம் இரண்டு மிருகங்களின் நீளக் கழுத்துகள் பின்னி ஒரு வட்டக் குழி. கண்மை அரைக்கும் பலகைகளில் இருக்கும் அதே குழி. அதற்கு மேலே தலை வெட்டப்பட்ட பத்துப் பிணங்கள். மைப் பலகைக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

அந்தப் பக்கமும் ராஜா நடக்கிறார். பின்னாலேயே அதே ஆள், அதே செருப்பு.

அரசாங்கம் என்ற ஒன்று உருவான காலத்துப் படத்திலேயே செருப்பு தூக்க ஆள் இருந்திருக்கிறான்.