டெனிஸ் லாவோட கோல் கணக்கு: ஒருவழியா முடிச்சேன், நீங்க இந்த வேலைல இறங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

2025 ஜனவரில ஸ்காட்லாந்து ஃபுட்பால் வீரர் டெனிஸ் லா இறந்துட்டார்னு செய்தி வந்தப்ப ஆரம்பிச்ச வேலை இது. தமிழ்ல அவரப் பத்தி ஒழுங்கா ஒரு கட்டுரை, கூடவே கிளப் வாரியா எத்தனை மேட்ச் எத்தனை கோல்னு ஒரு டேபிள், அவ்வளவுதான் பிளான். ஸ்காட்லாந்து ஆளுங்கள்ல பாலன் டி'ஓர், அதாவது வருஷத்தோட சிறந்த ஃபுட்பால் வீரர் விருது, வாங்கினது இன்னிக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான், அவரப் பத்தி அரைகுறையா எழுத எனக்கு மனசு வரல. எழுதுறது கஷ்டமே இல்ல, கணக்கை சரிபார்க்கிறதுதான் உயிரை எடுத்துடுச்சு.

அவர் ஆடின கிளப்புகள்ல ஹடர்ஸ்ஃபீல்ட், டொரினோ, மான்செஸ்டர் யுனைடெட் எல்லாம் சட்டுனு முடிஞ்சது, யுனைடெட்டுக்கு 404 மேட்ச்ல 237 கோல், ஸ்காட்லாந்துக்கு 55ல 30, எங்க பார்த்தாலும் அதே நம்பர்தான். மாட்டிக்கிட்டது மான்செஸ்டர் சிட்டில. ரெண்டு பட்டியல் எடுத்து வச்சா ஒண்ணுல சரியா ஆறு கோல் அதிகம்.

அந்த ஆறு எங்கேருந்து வந்துச்சுன்னா, 1961 ஜனவரி 28, லூட்டன் டீமோட கிரவுண்ட்ல எஃப்ஏ கப் (தோத்தா வெளியேறுற இங்கிலாந்து கோப்பைப் போட்டி) நாலாவது ரவுண்ட். சிட்டி 0-2ன்னு பின்னாடி இருக்கு, அங்கேருந்து லா ஒருத்தரே ஆறு கோல் அடிச்சு 6-2 ஆக்கிட்டார், அடிச்சு ஊத்துற மழைல கிரவுண்ட்ல தண்ணி நின்னு 69வது நிமிஷம் ரெஃப்ரி மேட்சை நிறுத்திட்டார். அப்படி நிறுத்தினதால அந்த மேட்சே செல்லாது, ஆறு கோலும் போச்சு. பிப்ரவரி 1 திரும்ப ஆடினாங்க, அதுலயும் லா ஒண்ணு போட்டார், ஆனா சிட்டி 1-3 தோத்து வெளிய போயிடுச்சு. ஏழு தடவை பந்தை வலைக்குள்ள போட்ட மனுஷனுக்கு கணக்குல ஒண்ணு. எஃப்ஏ கப்ல அவரோட மொத்தம் 41, இருபதாம் நூற்றாண்டுல முதலிடத்துல இருக்கிற இயன் ரஷ்ஷுக்கு 44, அந்த ஆறையும் சேர்த்துப் பாருங்க, 47 வருது. எனக்கு நினைச்சாலே வயிறு எரியுது.

சரி, அன்னிக்கு பேப்பர்ல என்ன எழுதினாங்கன்னு நேர்ல பார்த்துடலாம்னு ஒரு லைப்ரரிக்கு ரயில் ஏறிப் போனேன். கவுன்டர்ல இருந்தவர் மைக்ரோஃபிலிம் மெஷினுக்கு (பழைய பேப்பரைச் சின்னதா படம் பிடிச்சு வச்ச ரீலைப் பார்க்கிற மெஷின்) முன்னாடியே புக் பண்ணியிருக்கணும்னார். அவங்க சைட்ல அப்படி ஒரு வார்த்தை இல்லன்னு மொபைல்ல காட்டினேன், அதைத் திரும்பிக்கூட பார்க்கல. மெஷின் காலியாத்தான் இருக்கு, யாரும் உட்காரல, அரை மணி நேரம் போதும்னு கேட்டுப் பார்த்தேன், மெஷின் தெரிஞ்சவங்க இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டு வேற வேலை பார்க்கப் போயிட்டார். ரயில் காசும் ஒரு நாள் லீவும் தண்டம். அடுத்த தடவை புக் பண்ணிட்டுப் போனா டப்பா மேல ஜனவரின்னு லேபிள், உள்ள ஓடுறது ஜூலை. அதை யாரோ எப்பவோ மாத்தி வச்சிருக்காங்க, சரியான ரீலைத் தேடிக் கொடுக்க ஆளில்ல.

அப்புறம் வேற ஒரு லைப்ரரில ஒரு அம்மா இருந்தாங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம். நான் வாயைத் திறந்து டெனிஸ் லான்னு சொன்னதும் அவங்களே எழுந்து போய் ரீல் எடுத்துட்டு வந்து மாட்டிக் கொடுத்தாங்க. சனிக்கிழமை மேட்ச் ரிப்போர்ட் திங்கக்கிழமை பேப்பர்லதான் இருக்கும், அதனால 28ஆம் தேதி பக்கத்தைத் தேடாதீங்க, 30ஆம் தேதிக்குப் போங்கன்னு சொன்னதும் அவங்கதான். போனேன், இருந்துச்சு, ஆறு கோலும் வரிசையா. அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து கைல வாங்கினப்ப இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அங்க இருந்தப்பவே 1974 ஏப்ரல் ரீலையும் வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் 27, ஓல்ட் டிராஃபோர்ட், லா திரும்பவும் சிட்டி ஜெர்ஸில, யுனைடெட் ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்குற நிலைமைல. 81வது நிமிஷம் பின்னங்காலால தட்டி ஒரு கோல். பதினொரு சீசன் ஆடின டீமுக்கு எதிரா, கொண்டாடவே இல்ல, தலையைத் தொங்கப் போட்டுட்டு உடனே மாத்துப்பட்டு வெளிய போயிட்டார். கூட்டம் உள்ள புகுந்து அந்த மேட்சும் பாதில நின்னுச்சு, ஆனா இந்தத் தடவை லீக்காரங்க 1-0 அப்படியே நிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க. இறங்காம தப்பிக்கப் போட்டி போட்ட பர்மிங்காம் அன்னிக்கு அவங்க மேட்சை ஜெயிச்சதால யுனைடெட் எப்படியும் இறங்கியிருக்கும், அது வேற விஷயம். அவர் ஆசையா அடிச்ச ஆறை அழிச்சிட்டாங்க, அடிச்சிருக்கவே கூடாதுன்னு அவர் வருத்தப்பட்ட ஒண்ணை வச்சுக்கிட்டாங்க. லீக்ல அதுதான் அவரோட கடைசி மேட்ச். எனக்கு ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரீன விட்டு எழுந்திருக்க முடியல.

அதனால மேட்ச் பாதில நின்னுச்சுன்னு படிச்சா அதோட விட்டுடாதீங்க, ரிசல்ட் நின்னுச்சா, திரும்ப ஆடினாங்களான்னு கட்டாயம் பாருங்க. இன்னொண்ணு, 1963 அக்டோபர்ல வெம்பிளில இங்கிலாந்துக்கு எதிரா உலக அணிக்கு ஆடி லா ஒரு கோல் போட்டார், அதை ஸ்காட்லாந்து 30ல சேர்த்துடாதீங்க, அது தனி. லீக் கணக்கையும் எல்லா போட்டிக் கணக்கையும் டேபிள்ல ஒரே நெடுவரிசைல கலக்காதீங்க, யுனைடெட்டுக்கு லீக்ல மட்டும் 309 மேட்ச், 171 கோல், 237ங்கிறது கப், ஐரோப்பா எல்லாம் சேர்த்து. டொரினோல 27 மேட்ச்ல 10ங்கிறதும் லீக் மட்டும்தான்.

எல்லாம் முடிச்சு அனுப்பினா சரிபார்த்தவர் அந்த ஆறு கோல் பத்தின பத்தியையே முழுசா தூக்கிட்டார், அதிகாரப்பூர்வம் இல்லையாம். மொத்தத்துல நான் சேர்க்கவே இல்ல, தனியாத்தான் சொல்லியிருக்கேன்னு விளக்கி, பிரின்ட் எடுத்த பக்கத்தையும் அனுப்பி, பல நாள் இழுத்தடிச்ச பிறகு டேபிளுக்குக் கீழ குறிப்பா திரும்பப் போட்டாங்க. தேதி, ஸ்கோர், 69வது நிமிஷம் எல்லாம் இருக்கு, எனக்கு அது போதும்.

அடுத்து கென்னி டால்கிளிஷ் எடுக்கப் போறேன். அவருக்கும் ஸ்காட்லாந்துக்கு அதே 30தான், ஆனா 102 மேட்ச்ல. அவரோட செல்டிக் கிளப் கணக்குல கிளாஸ்கோ கப் (கிளாஸ்கோ ஊர் டீமுங்களுக்குள்ள நடக்குற கோப்பை) மேட்சுகளைச் சேர்க்கணுமா தனியா வைக்கணுமான்னு இந்த வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ரீல் புக் பண்றதுக்குள்ள தெரிஞ்சா நல்லது.