மாமியார வெளிய அனுப்பிட்டு கேட்ட கேள்வி

புதன்கிழமை தடுப்பூசி வரிசை. எனக்கு முன்னாடி கைக்குழந்தையோட ஒரு சின்னப் பொண்ணு, கூடவே மாமியார்.

ஊசி போட்டதும் நர்ஸம்மா குழந்தைய மாமியார் கைல குடுத்து "கொஞ்சம் வெளிய காத்தாட வச்சிருங்கம்மா"ன்னு அனுப்பிட்டு அந்தப் பொண்ணுகிட்ட மெதுவா கேட்டாங்க.

"அடுத்த கொழந்த எப்பன்னு நீ என்ன நெனச்சிருக்க?"

அவ முழிச்சா. கர்ப்பத்தத் தள்ளிப்போட அந்தரா ஊசி 3 மாசத்துக்கு ஒருக்கா, காப்பர் டி 10 வருஷம் வரைக்கும், வேணாம்னா எப்ப வேணா எடுத்துடலாம், எல்லாம் இலவசம்தான்னு பொறுமையா சொன்னாங்க.

நம்ம ஊர்ல குடும்பக் கட்டுப்பாடுன்னாலே பொம்பளைக்கு ஆபரேஷன்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15-49 வயசு கல்யாணமான பொண்ணுங்கள்ல பாதிக்கும் மேல அதப் பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளைங்க பண்ணிக்கிறது நூத்துல ஒண்ணுகூட இல்ல, இது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இடைவெளி விட வழி இருக்கான்னு டாக்டர் ரூம்ல கூட்டத்துக்கு நடுவுல எந்தப் பொண்ணு கேப்பா? வீட்டுக்கே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுற கிராம செவிலியர்கிட்டதான் வாயே தொறக்கும்.

ஆனா சுமார் 5000 பேருக்கு ஒருத்தர், அதுலயும் கர்ப்பிணி பதிவு, ஆன்லைன் என்ட்ரின்னு பாதி நாள் போயிடுது. காலி இடத்தையெல்லாம் நிரப்புங்க, அவங்களுக்குப் பேச நேரம் குடுங்க.